மெத்தனால் கேன்

"கள்ளச்சாராயத்தில் கலந்து உயிர் குடித்த மெத்தனால்தான் இனி உலகத்தை ஓட்டப்போகிறது" என்று துறைத்தலைவர் அரங்கநாதன் முழங்குகிறார். மேடைமேல் இருக்கும் சோதனை எஞ்சின் மட்டும் கர்கர் என்று இருமிவிட்டு ஓட மறுக்கிறது. பக்கத்துத் திரையில், ஆராய்ச்சி மாணவி அருள்மொழி உருவாக்கிய கணினி மாதிரியில், பொறி விழுந்து நீலச் சுடர் சிலிண்டருக்குள் அழகாக விரிகிறது. விருந்தினர்கள் சமோசாவை மென்றபடி தலையாட்டுகிறார்கள். அருள்மொழி எரிபொருள் கேனைத் திறந்து முகர்ந்து பார்க்கிறாள். வாசனையே இல்லை. விரலை விட்டுப் பார்க்கிறாள். வெறும் தண்ணீர். கேன் வைக்கும் அறையின் சாவி ஆய்வக உதவியாளர் பூமாலையிடம்தான் இருக்கும். அவர் இன்று வரவில்லை.

"சார், பூமாலை அண்ணன் இத்த குடிச்சிட்டு தண்ணி ஊத்தி வச்சிகிறாரு. போனும் எடுக்கல."

"மெதுவா பேசும்மா. ஸ்க்ரீன்ல ஓடிக்கினுதான இருக்குது, அதையே காட்டு."

"கண்ணு போயிடும் சார், உசுரே போயிடும். வூட்டுக்கு ஆள் அனுப்புங்க."

அரங்கநாதன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைக்கிறார். "அனுப்பலாம். அவன் வூடு எங்க?"

அருள்மொழி எழுத்தரைப் பார்க்கிறாள். எழுத்தர் வாட்ச்மேனைப் பார்க்கிறார். பல ஆண்டுகளாகத் தினமும் டீ வாங்கிவந்து கொடுத்தவரின் வீடு எங்கே என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.