பெட்டி மட்டும் போன ஊர்

தங்கைக்குக் குழந்தை பிறந்த அன்று, நான் அவள் ஊருக்குப் போகவேண்டிய விமானத்தை ரத்து செய்துவிட்டார்கள். அவளுக்கு ஒத்தாசைக்கு என்னை விட்டால் ஆளில்லை. முதலில் தாமதம் என்றார்கள். கடைசியில் கவுண்டர் பெண் என் முகத்துக்கு நேராகவே ஷட்டரை இறக்கினாள். என் பெட்டி மட்டும் வேறு விமானத்தில் போய்விட்டதாம். மாற்று டிக்கெட் கேட்டு நாள்கணக்கில் போன் செய்தேன். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

"வர முடியலடி" என்று தங்கைக்குச் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. கோபம்போல என்று விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பெட்டி வீட்டுக்கு வந்தது. திறந்தால், புதிதாக எடுத்துவைத்த நைட்டிகளில் ஒன்றைத் தவிர எல்லாம் துவைத்து மடிக்கப்பட்டிருந்தன. என் வழக்கப்படியே, உள்பக்கம் வெளியே தெரிய. துவைக்காத அந்த ஒன்றின் தோளில் குழந்தை பால் கக்கிய கறை. இன்னும் காயவில்லை.

அப்போதுதான் தங்கை கூப்பிட்டாள். "வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டியாக்கா? நீ தோள்ல போட்டுத் தட்டாம இவன் தூங்கவே மாட்டேங்கிறான்."

பயம் வந்திருக்க வேண்டும். வயிறுதான் குளிர்ந்தது. அந்த நைட்டியைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் விமானக் கம்பெனியிலிருந்து ஒருவழியாக ஓர் ஆள் பேசினான். "சாரி மேடம். நீங்க போகாத பயணத்துக்குப் பணத்தத் திருப்பித் தர்றோம்."

"மெதுவாப் பேசுங்க தம்பி," என்றேன், தோளைத் தட்டியபடி. "பணம் வேண்டாம். நான் போயிட்டு வந்துட்டேன்."