இலவச மாதிரி கிடையாது

சொந்தமாக டிசைன் வேலை பிடிக்கத் தொடங்கிய யாழ்மொழிக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. அதனால் அவள் குரலிலேயே மறுத்துப் பேசும் செயலியைப் போனில் போட்டுக்கொண்டாள். ஓசி வேலை கேட்டவர்கள் எல்லாம் ஓடிப்போனார்கள்.

நேற்று அவளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் அம்மா அழைத்தார். "பொண்ணு பார்க்க வர்றோம். ரெண்டு பாட்டு பாடிக் காட்டணும்மா."

"மன்னிக்கணும், இலவசமா மாதிரி காட்டுறதில்லை. உங்க பையனோட பழைய வேலைகளை அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றது செயலி.

"மானத்தை வாங்கிட்டியேடி" என்று, விஷயம் தெரிந்த யாழ்மொழியின் அம்மா கரண்டியோடு கத்தித் தீர்த்தாள். அப்போது அம்மாவின் போன் அடித்தது. அப்பாதான்.

"பத்துப் பேரைச் சாப்பிடக் கூட்டிட்டு வர்றேன், பிரியாணி பண்ணிடு."

பேசி முடித்த அம்மா, போனை மகளிடம் நீட்டினாள்.

"இதுலயும் அதைப் போட்டுக் குடு. அடுத்த தடவை உங்கப்பாவுக்கு அதுவே பதில் சொல்லட்டும்."