கையிருப்பு

மாமியார் குளிக்கப் போனதும் மருமகள் ஸ்டூலைப் போட்டு ஏறினாள்.

பரண்மேல் கைப்பிடி உடைந்த பழைய குக்கர். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக் கட்டு. நடுவிலிருந்து ஒரே ஒரு நோட்டை உருவிக்கொண்டு, மூடியை இருந்தபடியே வைத்துவிட்டு இறங்கினாள்.

சில மாதங்களாகவே இந்தத் திருட்டு நடக்கிறது.

குக்கரில் இருப்பது மாமியாரின் பணம். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்துச் சேர்த்தது. ஆபத்து அவசரத்துக்கென்று வீட்டில் எப்போதும் ஐம்பதாயிரம் ரொக்கமாக இருந்தாக வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம்.

கார் ஷோரூமில் வேலை பார்க்கும் மகன் கேலி செய்வான். இந்தக் காலத்தில் யாராவது வீட்டில் இவ்வளவு வைப்பார்களா, பேங்கில் போட்டால் வட்டியாவது வருமே, ஒரு வாரச் செலவுக்குக் கையில் இருந்தால் போதாதா என்பான். அவள் காதில் வாங்கமாட்டாள். ஆபத்து என்ன சொல்லிக்கொண்டா வருகிறது என்று முணுமுணுத்துவிட்டுத் தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவாள்.

முதல் நோட்டை எடுத்த அன்று மருமகளுக்கு மனம் உறுத்தியது. ஆனால் வேறு வழி தெரியவில்லை. மருந்துக்கடையில் அவள் வாங்கும் சம்பளம் நேராக பேங்குக்குப் போய்விடும். கார்டு கணவனிடம். போனில் ஒரு சோப்பு வாங்கினால்கூட அவனுக்கு மெசேஜ் போகும்.

வெளியில் அவன் பரம சாது. அதிர்ந்து பேசமாட்டான். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் ஆள் வேறு. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் ஓர் அறை. எதிர்த்துப் பேசினால் பெல்ட்.

அப்போதெல்லாம் மாமியார் அடுத்த அறையில் மெஷினை மிதித்துக்கொண்டே இருப்பாள். ஒரு தடவைகூட எழுந்து வந்ததில்லை. பெற்ற பிள்ளையை ஒரு வார்த்தை கேட்காதவளிடம் திருடினால் என்ன என்று நினைத்த பிறகு, மருமகளுக்கு அந்த உறுத்தல் நின்றுவிட்டது.

வெளியூரில் அக்கா இருந்தாள். பஸ்ஸுக்கு மட்டும் சேர்ந்தால் கிளம்பிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தாள். அது சேர்ந்தது. அக்கா வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும், ஒரு ரூமுக்கு அட்வான்ஸ் வேண்டாமா என்று தோன்றியது. அதுவும் சேர்ந்தது. வேலை கிடைக்கும்வரை சாப்பாட்டுக்கு? அவன் தேடி வந்தால் அங்கிருந்தும் ஓடுவதற்கு? தொகை ஏற ஏற, போதாது என்கிற பயமும் ஏறியது. அவள் ஒளித்துவைத்திருந்த நாப்கின் பாக்கெட்டுக்குள் பணம் கனத்துக்கொண்டே வந்தது. அவள்தான் வாசலைத் தாண்டவில்லை.

இதில் ஓர் ஆச்சரியம். பணம் குறைவதை மாமியார் கண்டுபிடிக்கவே இல்லை. கிழவிக்குக் கண்ணும் போச்சு, கணக்கும் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவனுக்கு அவசரமாக ரொக்கம் தேவைப்பட்டது. சீட்டாட்டத்தில் தோற்றதை யாருக்கோ கொடுக்க வேண்டுமாம். அம்மாவிடம் கேட்கவில்லை. அவனே குக்கரை இறக்கினான். எண்ணினான். திரும்பவும் எண்ணினான்.

"யார் எடுத்தது?"

சத்தம் போடாமல் கேட்டான். அவன் குரல் இறங்கினால் என்ன அர்த்தம் என்று மருமகளுக்குத் தெரியும்.

"நான்தான்" என்றாள் மாமியார், தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்காமலே. "நூல்காரனுக்குக் கொடுத்தேன்."

எந்த நூல்காரன், எப்போது, எவ்வளவு என்று அவன் குடைந்தான். அவள் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். ஆத்திரத்தில் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். நாற்காலி சரிந்தது. மெஷின் விளிம்பில் அவள் நெற்றி மோதியது.

அதுவரை அவன் அம்மா மேல் கை வைத்ததில்லை. ஒரு கணம் அவனே திகைத்து நின்றான். பிறகு மிச்சமிருந்த பணம் முழுவதையும் பேண்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டான். இனிமேல் இந்த வீட்டில் ரொக்கம் என்ற பேச்சே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

மருமகள் ஈரத்துணியை எடுத்து வந்து மாமியாரின் நெற்றியில் வைத்து அழுத்தினாள். புடைத்துக்கொண்டு வந்தது. பாவம், தானே எடுத்துச் செலவு பண்ணிவிட்டு மறந்துவிட்டதாக நினைக்கிறாள் போலிருக்கிறது. அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. உள்ளே போய் நாப்கின் பாக்கெட்டை எடுத்து வந்து மாமியார் மடியில் வைத்தாள்.

"அத்தை, நீங்க எடுக்கல. நான்தான் எடுத்தேன். இங்கேருந்து எங்கேயாவது போயிடலாம்னு..."

சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மாமியார் பாக்கெட்டைத் திறந்து பார்க்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. அதை எடுத்து மருமகளின் கையிலேயே திணித்து, விரல்களை மூடினாள்.

"தெரியும்மா. முதல் நோட்டு எடுத்த அன்னிக்கே தெரியும். நீ எடுக்க எடுக்க நானும் வெச்சுக்கிட்டே வந்தேன். இந்தத் தடவை நான் வைக்கிறதுக்குள்ள அவன் எண்ணிட்டான்."

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவனைத் தடுக்க எனக்குத் தைரியம் வரலம்மா. அவன் அப்பாகிட்ட அடி வாங்கி வாங்கி வந்த பயம், பிள்ளை அடிக்கிற சத்தம் கேட்டாலும் காலைக் கட்டிப் போட்டுடுது. என்னால முடிஞ்சது குக்கர்ல பணம் வைக்கிறது ஒண்ணுதான்."

ஈரத்துணியைத் தானே வாங்கி நெற்றியில் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு சேர்ந்தா நீ கிளம்புவேன்னு தினமும் பார்த்துக்கிட்டே இருந்தேன். இனிமே வைக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. இன்னும் ஏம்மா இங்கே உட்கார்ந்திருக்கே?"