கிளம்பாத படகு

“என்னம்மா, எப்பதான் கிளம்பும் உன் படகு?”

கேட்டவர் டீசல் மாமா. பதில் சொல்ல மருமகள் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி அடக்கியும் விட்டார்.

ஊருக்கே அவர் டீசல் மாமாதான். ஆற்றைக் கடக்கும் பழைய படகில் இன்ஜின் டிரைவராகக் காலம் தள்ளியவர். இப்போது பயணிகள் சங்கத் தலைவர். டீசல் படகை நிறுத்திவிட்டுப் பேட்டரி படகு விடலாமா என்று கம்பெனி சங்கத்தைக் கேட்டிருந்தது. சங்கம் என்றால் மாமா, மாமா என்றால் சங்கம். இன்று சோதனை ஓட்டம். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் படகு நாளைக்கே அதைக் கட்டிய பட்டறைக்குத் திரும்பிவிடும். இதற்காக ராப்பகலாக உழைத்த இன்ஜினியரின் பாடெல்லாம் ஆற்றோடு போகும். அந்த இன்ஜினியர் வேறு யாருமில்லை, அவருடைய சொந்த மருமகள்.

மழை விடாமல் அடித்ததால் கீழ்த்தளத்தைச் சுற்றிலும் தார்ப்பாயை இறக்கிக் கட்டியிருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டமெல்லாம் கூரை போட்ட மேல்தளத்துக்கு ஏறிவிட்டது. கீழே மாமா, மருமகள், சங்கச் செயலாளர் மட்டும்தான். செயலாளர் உட்கார்ந்த கையோடு குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.

“படகுன்னா ஸ்டார்ட் பண்ணதும் பெஞ்சு அதிரணும். பல்லு கிடுகிடுன்னு ஆடணும். அப்பதான் அதுக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம். இதைப் பாரு.” டீ டம்ளரைத் தூக்கிக் காட்டினார். விளிம்பு வரை டீ. ஒரு சொட்டு சிந்தவில்லை.

“மாமா, அது வந்து...”

“ஆடுதுன்னு சொல்லப் போற. கட்டிப்போட்ட படகும் லேசா ஆடத்தான் செய்யும். எனக்கே பாடம் எடுக்காத.”

மருமகளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சரி மாமா, நான் எதுவும் சொல்லல, பொறுமையா உக்காருங்க என்றாள். சொன்னபடியே அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

மாமாவுக்கு அது வசதியாகப் போயிற்று. வெள்ளத்தில் படகைக் கரை சேர்த்த கதை, நடு ஆற்றில் சைலன்சர் கழன்று விழுந்த கதை, மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றாமலே கிளம்பிப் போய் உதை வாங்க இருந்த கதை என்று ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. வழக்கமாகக் கதை சூடு பிடிக்கும்போது இருமல் வந்து தொண்டையைப் பிடித்துவிடும். இத்தனை வருடப் புகை அவருக்குக் கொடுத்த பென்ஷன் அது. இன்றைக்கு இருமல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மருமகள் அதைக் கவனித்தாள். அவளுக்குக் கண் கலங்கியது. மாமா கவனிக்கவில்லை.

நடுவில் படகின் பக்கவாட்டில் ஏதோ மெத்தென்று உரசியது. மேல்தளப் படிகளில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. இன்னுமா ஆள் ஏத்துறாங்க என்று மாமா அலுத்துக்கொண்டார். மேலே பிள்ளைகள் கைதட்டினார்கள். நிக்கிற படகுக்கு எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம் என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

கதைகள் தீர்ந்தன. டீ தீர்ந்தது. கடைசியில் பொறுமையும் தீர்ந்தது.

“போதும்மா. நீ என் வீட்டுப் பொண்ணு, எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கிளம்பவே கிளம்பாத படகுக்கு நான் எப்படி சரின்னு சொல்றது?” என்று எழுந்தார்.

“ஒரு நிமிஷம் இருங்க மாமா.” மறுபடியும் பக்கவாட்டில் அந்த உரசல். “ம், இப்ப இறங்கலாம்.”

தார்ப்பாயை விலக்கிக்கொண்டு மாமா வெளியே வந்தார். அதே படகுத்துறை, அதே டிக்கெட் கவுண்டர், அவர் பூட்டிவிட்டுப் போன அதே சைக்கிள். ஜெயித்த மிதப்போடு மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

“பாத்தியா? ஓரடி நகரல.”

அவளுக்குப் பின்னால், மேல்தளப் படியிலிருந்து அவளுடைய அம்மா இறங்கி வந்தார். அக்கரைக்காரர். புகை பட்டாலே மூச்சு முட்டும் என்று டீசல் படகில் கால் வைக்காதவர். கல்யாணமாகி வந்த மகளின் வீட்டை இதுவரை கண்ணால் பார்க்காதவர்.

“நல்லா இருக்கீங்களா சம்பந்தி? அக்கரையில ஏறி உக்காந்ததுதான் தெரியும், மூச்சு ஒண்ணும் பண்ணல, அதுக்குள்ள இக்கரை வந்துடுச்சு” என்றவர், சம்பந்தியை ஏற இறங்கப் பார்த்தார். “ஆமா, நீங்களும் இந்தப் படகுலேருந்துதான் இறங்குறீங்க, நீங்க எப்ப அக்கரைக்கு வந்தீங்க?”