காடி வேண்டாம்

ஜீப்பில் மூன்று விளக்கு கூடுதலாக மாட்ட வேண்டும் என்றார்கள்.

மதுவிலக்குப் போலீஸின் ஜீப். போன வருஷம் யுத்தம் நடந்தபோது இருட்டடிப்புக்காக ஹெட்லைட்டின் மேல்பாதியில் அடித்த கறுப்புப் பெயிண்ட் இன்னும் முழுதாக உரியவில்லை. பம்பாய் சயானில் எங்கள் ஒர்க்ஷாப்பில் வயரிங் வேலை எல்லாம் நான்தான்.

எங்கே போகப்போகிற ஜீப் என்று கேட்டேன். சும்மா கேட்டதுதான். ரோட்டுக்கு ஒரு விளக்கு, சேற்றுக்கு ஒரு விளக்கு என்று இருக்கிறதல்லவா.

செம்பூருக்கு அப்பால், காடிக்கு என்றார் ஆபீசர். இன்றைக்கே, ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமாம்.

காடி என்றால் உப்பங்கழி. கடல் தண்ணீர் ஏறி இறங்கும் சேறு, ஆள் உயரத்துக்குப் புதர். அந்தப் புதருக்குள்தான் சாராய அடுப்புகள் எரிகின்றன. பம்பாயில் இது தெரியாதவன் யார்? எனக்குக் கொஞ்சம் கூடவே தெரியும். சனிக்கிழமைதோறும் சாயங்காலம் என் மனைவி சகாயராணி அங்கே போய், கார் டியூபில் சரக்கை நிரப்பி, பிள்ளைத்தாச்சி மாதிரி வயிற்றில் சுற்றிக்கட்டிக்கொண்டு வருவாள். டாக்ஸிக்காரன் ஒருவன் கூட்டிப்போய்க் கூட்டிவருவான். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், கடைசியில் டியூபையும் நானே கொடுத்தேன்.

அன்று சனிக்கிழமை.

ஆபீசர் ஒரு ஸ்டூலை இழுத்து என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். வாசலில் ஹவில்தார். ஜீப் கிளம்பும்வரை வேலைக்காரர் ஒருவரும் வெளியே போகக்கூடாது என்று முதலாளியிடம் சொல்லியாகிவிட்டது.

நான் மஞ்சள் விளக்கு இரண்டை எடுத்துக் காட்டினேன். பனிக்கு இதுதான் நல்லது என்றேன். வெளிச்சம் முப்பதடிக்கு மேல் போகாது என்பதைச் சொல்லவில்லை. அவர் சிரித்துவிட்டு அலமாரியின் மேல்தட்டைக் காட்டினார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மூன்று ஸ்பாட் லைட் அங்கே இருந்தன.

டைனமோ தாங்காது என்றேன். லாரி பேட்டரி ஒன்று ஜீப்பின் பின்னால் ஏற்கெனவே ஏறியிருந்தது.

முதல் விளக்கின் நட்டை லூசாக விட்டேன். அவர் எழுந்து வந்து விளக்கை ஆட்டிப் பார்த்தார். திட்டவில்லை. ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அதற்கப்புறம் ஒரு நட்டையும் நான் லூசாக விடவில்லை. அப்படி ஒரு பயம்.

மத்தியானம் ஆறுமுகத்தாய் இட்லிக் கூடையோடு வந்தாள். தாராவியில் எங்கள் வரிசையில் குடியிருப்பவள். அவளை ஹவில்தார் தடுக்கவில்லை. பொம்பளையை யார் சந்தேகப்படுகிறார்கள்? வாயில் ஒன்றும் நிற்காது அவளுக்கு. சொல்லியனுப்பினால் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போவாள். ஆனால் எழுத்து தெரியாது. ராணிக்குத் தெரியும்.

ஜீப்புக்கு அடியில் படுத்தபடியே சிகரெட் அட்டையைக் கிழித்துப் பென்சிலால் எழுதினேன்.

இன்றைக்குக் காடி வேண்டாம்.

மூன்றே வார்த்தை. அதற்கு மேல் எழுதப் பயம். இட்லிக் காசோடு சேர்த்து அட்டையை ஆறுமுகத்தாயின் கையில் அழுத்தி, ராணியிடம் கொடுத்துவிடச் சொன்னேன்.

அவள் தெருமுனை தாண்டிய பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

அதன்பிறகு நான் செய்ததுதான் வேலை. தடித்த வயர் போட்டேன். விளக்குக்கு ஒரு சுவிட்ச் வைத்தேன். மூன்று வெளிச்சமும் ஒரே இடத்தில் விழாமல் ஒன்றை நேரே, ஒன்றை இடப்பக்கம், ஒன்றை வலப்பக்கம் என்று திருப்பி முறுக்கினேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. புதருக்குள் நண்டு நடந்தாலும் தெரியும் சாகிப் என்று நானாகவே பெருமையடித்துக்கொண்டேன்.

ஷட்டரை இறக்கி விளக்கைப் போட்டபோது எதிர்ச் சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டைகளை எண்ணலாம் போல இருந்தது. முதலாளி கைதட்டினார். இன்றைக்கு யார் பெற்ற பிள்ளை மாட்டப்போகிறதோ என்று ஒரு நினைப்பு வந்தது. என் வீட்டில் இல்லையே என்றதும் போய்விட்டது.

ஆறு மணிக்கு ஆறுமுகத்தாய் டீ கொண்டுவந்தாள்.

"சீட்டக் குடுத்துட்டேன் தம்பி. ஒம் பொண்டாட்டி காடியத் திருப்பி அனுப்பிட்டா. நடந்தே போயிக்கிடுதேன், நீங்க ஒண்ணும் பயப்படாண்டாம்னு சொல்லச் சொன்னா. அஞ்சு மணிக்கே போயாச்சு."

எந்தக் காடி என்று கேட்க வாயைத் திறந்தேன். கேட்க வேண்டியிருக்கவில்லை.

பம்பாயில் வண்டியும் காடிதான். இந்திக்காரன் வாயில் இரண்டும் வேறு வேறு. நம் வாயில் ஒன்று, நம் எழுத்திலும் ஒன்று. டாக்ஸியின் மேல் போலீஸ் கண் வைத்திருக்கிறது என்று நினைத்திருப்பாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான் சொல்லி அவள் கேட்டது இது ஒன்றுதான்.

டாக்ஸியில் போயிருந்தால் ஆறரைக்கெல்லாம் வீட்டில் இருப்பாள்.

வயிற்று வலி, வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஆபீசரிடம் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டேன். வழியில் வயர் எரிந்தால் யார் பார்ப்பது என்று அவர் கேட்டார். கோபமாக இல்லை, பிரியமாகத்தான் கேட்டார். இப்படி விளக்கு மாட்டியவன் அது எரிகிற அழகைப் பார்க்க வேண்டாமா என்று என் தோளைத் தட்டி, முன்சீட்டைக் காட்டினார்.

ஏறி உட்கார்ந்தேன். ஹவில்தார் என்னை நடுவில் தள்ளிவிட்டு ஓரத்தில் உட்கார்ந்தார்.

ராணி எட்டி நடக்கிறவள். ஏழு மணிக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடுவாள்.