நாளைக்காரி

“கை மட்டும்தான்க்கா பாக்கி. நாளைக்கு வாங்க.”

நேற்று காலர் பாக்கி. அதற்கு முந்தின நாள் நீல நூல் தீர்ந்துபோயிருந்தது. ஒரு சட்டை தைக்க ஒரு மாதமா என்று நர்ஸம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தெருவில் அந்தத் தையற்காரிக்கு நாளைக்காரி என்றே பேர். சொன்ன நாளில் அவள் துணி கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. கடை வாசல் பெஞ்சில் எப்போதும் இரண்டு மூன்று பெண்கள் உட்கார்ந்து அவளைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

நர்ஸம்மாவுக்குச் சட்டை அவசரம். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவளைக் கூப்பிட ஒரு குரல் இல்லை. வார்டு முழுக்க ‘சிஸ்டர், சிஸ்டர்’ என்று பிய்த்து எடுத்த காலத்தில் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த ஒரு சொல்லுக்கு ஏங்கினாள். மகள் போனை எடுத்தாலே, “அப்புறம் பேசறேம்மா” என்றுதான் ஆரம்பிப்பாள்.

போதும், போய்ச் சேர்ந்துவிடலாம் என்று முடிவெடுத்திருந்தாள். பூந்தொட்டிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாகிவிட்டது. கடைசியாக ஒரு நல்ல சட்டை. அது ஒன்றுதான் வந்து சேரவில்லை.

அளவெடுத்த அன்று, எல்லாரிடமும் கேட்பதைத்தான் நாளைக்காரி கேட்டாள். “தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணி விடட்டுமாக்கா? பின்னால உடம்பு போட்டா பிரிச்சுக்கலாம்.”

“வேண்டாம். இனிமே பிரிக்கிற வேலை வராது.”

அன்றிலிருந்து இந்த அலைச்சல்.

திட்ட வந்த இடத்தில் திட்டிவிட்டு உடனே கிளம்பவும் முடிவதில்லை. பெஞ்சில் இருந்த பேக்கரிக்காரி கால் வீக்கத்தைக் காட்டினாள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, நர்ஸம்மாவின் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். நேற்று வரத் தாமதமானதற்கு, “எங்க போனீங்க சிஸ்டர்? உங்களுக்கு இடம் பிடிச்சு வெச்சிருந்தேன்” என்று பேக்கரிக்காரி கோபித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கோபம் இனித்தது. கதவைத் திறந்தால் பழைய வெறுமைதான்.

இன்று பெஞ்சில் யாரும் இல்லை. நர்ஸம்மா விடுவதாகவும் இல்லை.

“கை இல்லாட்டியும் பரவாயில்லை. தைச்ச வரைக்கும் அப்படியே கொடு.”

நாளைக்காரி மெஷினை நிறுத்தாமலே சட்டென்று நிமிர்ந்தாள். ஓடிக்கொண்டிருந்த மெஷினின் ஊசி அவள் விரலில் இறங்கிவிட்டது.

நர்ஸம்மா கோபத்தை மறந்தாள். ஊசியை எடுத்தாள், விரலை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள், கட்டுப்போடத் துணி தேடி அலமாரியைத் திறந்தாள்.

மேல்தட்டில் அவளுடைய நீலச் சட்டை இருந்தது. கை, காலர், பொத்தான் எல்லாம் முடிந்திருந்தது. இஸ்திரி போட்ட மடிப்பில் தூசிகூடப் படிந்திருந்தது.

முதலில் விரலுக்குக் கட்டுப்போட்டாள். பிறகு சட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். தையலுக்கு உள்ளே இரண்டு பக்கமும் தாராளமாகத் துணி விட்டிருந்தது.

“எப்போ முடிச்சே?”

“மறுநாளே.”

“அப்புறம் எதுக்கு என்னை இப்படி அலையவிட்டே?”

நாளைக்காரி நிமிர்ந்து பார்க்கவில்லை. “சொன்ன நாள்ல நான் தைச்சுக் கொடுத்தது ஒரே ஒருத்திக்குத்தான். என் கூடப் பிறந்தவளுக்கு. அவளும் உள்ளே துணி விட வேண்டாம்னுதான் சொன்னா. எனக்கு அப்போ புரியலை. மறுநாள் அவ இல்லை.”

நர்ஸம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“உங்ககிட்ட நேரா கேட்கத் தைரியம் வரலைக்கா. நாளைக்கு வாங்கன்னு மட்டும்தான் சொல்லத் தெரிஞ்சுது.”

யாரிடமும் சொல்லாததையெல்லாம் நர்ஸம்மா அவளிடம் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. நாளைக்காரி மெஷினை மூடிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கடைசி வரை கேட்டாள்.

பிறகு நர்ஸம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு, சட்டையைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். எங்கேயும் ஒரு குறை இல்லை. கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

“கை கொஞ்சம் பிடிக்குது” என்று கழற்றிக் கொடுத்தாள். “பிரிச்சு வை. நாளைக்கு வரேன்.”