பதினாலாவது வாசல்

மேனேஜர் லேப்டாப்பைக் காணோம்.

நாலு மணிக்கு கஸ்டமர் மீட்டிங். மணி மூன்று. மேனேஜர் ராஜ்குமார் சார் போட்ட கத்தல் சூளகிரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

"நாலுக்குள்ள கெடைக்கலைன்னா யூனிஃபார்மைக் கழட்டி வெச்சிட்டுப் போயிரு!"

கேட் செக்யூரிட்டி திம்மப்பண்ணாவுக்கு விழுந்த திட்டு. பதினோரு வருஷ வேலை, நர்சிங் படிக்கிற மகள். மனுஷன் வாயே திறக்கவில்லை.

எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டர் சமாச்சாரம் எல்லாம் நான்தான். "இருங்க சார், ஸ்விட்சைக் கேப்போம்" என்றேன்.

லைட் ஸ்விட்ச் இல்லை. கம்பெனியின் நெட்வொர்க் ஒயர் எல்லாம் வந்து சேருகிற பெட்டி. நாளையிலிருந்து ஆயுத பூஜை லீவு. அதனால் இன்று காலையே பூஜை முடித்து, மெஷின்களை நிறுத்தி, இந்தப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. சாருடைய மீட்டிங்குக்கு மட்டும் லீவு கிடையாது.

பெட்டிக்கு இருபத்துநாலு வாசல். எந்தக் கம்ப்யூட்டர் எந்த வாசல் வழியாகப் பேசுகிறதோ, அதன் அட்ரஸை அந்த வாசலுக்கு நேராக எழுதிக்கொள்ளும். அப்புறம் அதற்கு வருவதை அங்கே மட்டும் அனுப்பும். தெரியாத அட்ரஸ் என்றால் எல்லா வாசலிலும் கூப்பிடும். பதில் சொன்னவனைக் குறித்துக்கொள்ளும். ஐந்து நிமிஷம் பேசாதவனை மறந்தே போகும். ஆனால் மேனேஜருக்குப் பயந்து மாற்றி எழுதாது.

இதையெல்லாம் நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

பட்டியலைத் திறந்தேன். சார் லேப்டாப்பின் அட்ரஸ் அதில் இருந்தது. பதினாலாவது வாசல். அட, திருட்டும் இல்லை புரட்டும் இல்லை, உள்ளேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறது!

ஒயரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பின்னால் சார், எச்.ஆர். மேகலா, திம்மப்பண்ணா. ஸ்டோர் தாண்டி, பெயின்ட் ஷாப் தாண்டி, ஒயர் கேன்டீனுக்குள் போனது.

அங்கே பூஜை மேடை. ஸ்பேனர், ட்ரில், அளவு டேப்புக்கு நடுவே, சாமந்தி மாலைக்கு அடியில், பொரி சிதறிக் கிடக்க ஒரு கருப்பு லேப்டாப். காலையிலிருந்து சாமி பாட்டு பாடிக்கொண்டிருந்தது அதுதான். சாரும் அதன் முன்னால்தான் கண்ணை மூடிக் கும்பிட்டிருந்தார்.

வந்த வழியே திரும்பி ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

ஏனென்றால், பாட்டுப் போட வேண்டுமென்று மீட்டிங் ஹாலில் கிடந்ததை ஸ்பேர் லேப்டாப் என்று நினைத்துத் தூக்கி வந்தது நான். எல்லாம் ஒரே கருப்பு. என் பாஸ்வேர்டுக்கு எல்லாமே திறக்கும். ஒயரைச் சொருகியதும் இதே கைதான்.

"நான்தான் சார் வெச்சேன்" என்று சொல்லிவிட்டேன். அவமானத்தில் செத்தே போனேன். சார் என்னை முறைத்த முறையில் கற்பூரமே பற்றியிருக்கும்.

திம்மப்பண்ணா பக்கம் திரும்பினேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"அண்ணா, நான் எடுத்துட்டு வந்ததப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா."

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல? வேலை போயிருக்குமே!"

"சொன்னா இப்பவே எடுத்துருவாரே. பூஜைல வெச்சத லீவு முடிஞ்சு வந்துதான தொடணும்?"

சார் மாலையை விலக்கக் கையை நீட்டினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, திம்மப்பண்ணா அவரை வழிமறித்தார்.